யாத்திராகமப் பாதையின் இடங்களை அடையாளம் காண்பது எப்படி?

கேள்வி இதுதான்: வேதாகமத்தின் பின்பக்கங்களில் உள்ள வரைபடங்களை ஒப்பிட்டால், இஸ்ரவேலர் எகிப்திலிருந்து கானான் வரை நடந்த பாதை புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது. ஒன்றில் சீனாய் மலை தீபகற்பத்தின் தெற்கே இருக்கிறது, இன்னொன்றில் வடக்கே, மூன்றாவதில் சவூதி அரேபியாவில். எதை நம்புவது? ஓர் இடத்தை "இதுதான்" என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

வரைபடத்தில் உள்ள கோட்டை முதலில் மறந்துவிடுங்கள். கோடு எல்லா இடங்களும் ஒரே அளவு உறுதியானவை என்ற எண்ணத்தைத் தருகிறது. உண்மையில் ஒவ்வொரு பெயரும் ஒரு தனி வழக்கு, அதற்கென்று தனிச் சாட்சிகள் வேண்டும். இந்தப் பாதையில் இரண்டு முனைகளும் ஓரளவு கெட்டியாக இருக்கின்றன: எகிப்தில் புறப்பட்ட இடம், யோர்தானுக்குக் கிழக்கே முடிந்த இடம். தளர்ந்து கிடப்பது நடுப்பகுதி. அதனால் வேலையை முனைகளிலிருந்து தொடங்கி உள்நோக்கிச் செல்ல வேண்டும். சீனாய் மலையை முதலில் தேர்ந்தெடுத்துக்கொண்டு மற்ற ஊர்களை அதற்கேற்ப வளைப்பதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் தவறு.

முதல் வேலை, வசனங்களை முழுமையாகத் திரட்டுவது. எண்ணாகமம் 33 மட்டும் போதாது. யாத்திராகமம் 12 முதல் 19 வரை, எண்ணாகமம் 10 முதல் 21 வரை, உபாகமம் 1, 2, 10 ஆகிய அதிகாரங்கள், நியாயாதிபதிகள் 11, இவை எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுங்கள். பட்டியல்கள் எங்கே ஒத்துப்போகவில்லை என்பது அப்போதுதான் தெரியும். ஆரோன் ஓர் என்னும் மலையில் இறந்தான் என்கிறது எண்ணாகமம். மோசெராவில் என்கிறது உபாகமம் 10:6. அதே வசனத்தில் மோசெராவும் யாக்கானின் ஊரும் வரும் வரிசை எண்ணாகமம் 33:31-இல் உள்ளதற்குத் தலைகீழ். இந்த முரணை மறைத்துவிட்டு வரையும் எந்தக் கோடும் நம்பத்தக்கதல்ல.

அடுத்து எழுத்து. தமிழில் வாசிப்பவர்கள் இங்கே கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நம் சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பில் யாத்திராகமம் 16:1-இல் வருவதும் சீன் வனாந்தரம், எண்ணாகமம் 20:1-இல் காதேசுடன் வருவதும் சீன் வனாந்தரம். எபிரெயத்தில் இவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். முதலாவது "சாமெக்" எழுத்தில் தொடங்குகிறது, ஏலிமுக்கும் சீனாய்க்கும் இடையில் உள்ளது. இரண்டாவது "ட்சாதே" எழுத்தில் தொடங்குகிறது, கானானின் தென் எல்லையில் உள்ளது. தமிழ்ப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவோம், பாதை முழுதும் சுருண்டுவிடும். அதேபோல் எபிரெயத்தில் "ஹ" ஒலியில் தொடங்கும் பெயர்கள் தமிழில் உயிரெழுத்தில் தொடங்குகின்றன: ஹெஷ்போன் எஸ்போன் ஆகிறது, ஹோர் ஓர் ஆகிறது, ஹட்சேரோத் ஆஸ்ரோத் ஆகிறது. அட்டவணையில் தேடும்போது அந்த ஹகரத்தைத் திரும்பச் சேர்த்துத் தேடுங்கள்.

யாத்திராகமம் 14:2-இல் வரும் "ஈரோத் பள்ளத்தாக்கின் முன்னடி" இன்னொரு உதாரணம். மூலத்தில் அது பி-ஹஹிரோத் என்ற ஒற்றைப் பெயர். "பி" என்பதை வாய் என்று பொருள் கொண்டு மொழிபெயர்த்திருக்கிறார்கள். எகிப்தில் "பி", "பெர்" என்று தொடங்கும் ஊர்ப்பெயர்களில் அது வீடு என்று பொருள்படும். அதனால் இது எகிப்தியப் பெயரா எபிரெயப் பெயரா என்பதே விவாதம். மொழிபெயர்ப்பில் "பள்ளத்தாக்கு" என்று இருப்பதை நம்பி நிலப்படத்தில் பள்ளத்தாக்கைத் தேடுவது வீண்வேலை.

இனி எகிப்திய முனை. ராமசேஸ் என்ற ஊர் எங்கே என்பதில் ஒரு தலைமுறையே வழிதவறியது. அந்தத் தவறு இந்தத் துறையின் சிறந்த பாடம். பியேர் மோந்தே 1929 முதல் தானிஸ் என்ற இடத்தில் அகழ்ந்தார். இரண்டாம் ராமசேசின் பெயர் பொறித்த தூண்களும் சிலைகளும் அங்கே குவிந்து கிடந்தன. ஆகவே இதுதான் அவன் தலைநகர் என்று முடிவு செய்தார்கள். ஆனால் அந்தக் கற்களுக்குக் கீழே அவன் காலத்துக் குடியிருப்பு மண்படிவம் இல்லை. கற்கள் வேறெங்கோ இருந்து கொண்டுவரப்பட்டவை. தெற்கே ஏறத்தாழ 20 கி.மீ. தள்ளி காந்தீர் என்ற கிராமத்தில் 1928-இலேயே மஹ்மூத் ஹம்சா மெருகூட்டிய அரண்மனை ஓடுகளைக் கண்டெடுத்திருந்தார். லபீப் ஹபாஷியும் அந்த இடத்தையே சுட்டினார். 1966-இல் தொடங்கி மான்ஃப்ரெட் பீட்டாக் பக்கத்தில் உள்ள தெல் எல்-தபாவில் ஹிக்சோஸ் என்ற அந்நிய அரசர்களின் தலைநகரான ஆவாரிசை வெளிக்கொணர்ந்தார். 1980 முதல் காந்தீரில் எட்கர் பூஷ் குழுவினர் தேர்க்குதிரை லாயங்களையும் பட்டறைகளையும் கண்டார்கள். நகரம் காந்தீரில்தான் இருந்தது. அதையொட்டி ஓடிய நைலின் பெலூசியக் கிளை வண்டலால் தூர்ந்துபோக, 21-ஆம் அரசமரபு கல்லைப் பெயர்த்துத் தானிசுக்குக் கொண்டுபோனது.

கல்வெட்டு ஓரிடத்தில் கிடைப்பதால் மட்டும் ஊர் அங்கே இருந்ததாகாது. கல் நகரும், பானையோடு அவ்வளவாக நகராது. அதனால்தான் அகழாய்வாளர்கள் பொறித்த கல்லைவிட உடைந்த பானையோட்டை அதிகம் மதிக்கிறார்கள்.

சுக்கோத், பித்தோம் இரண்டும் காந்தீருக்குத் தெற்கே, நைல் வடிநிலத்திலிருந்து கிழக்கே நீளும் வாதி துமிலாத் என்ற பள்ளத்தாக்கில் வருகின்றன. சுக்கோத் என்பது எகிப்திய ஏடுகளில் வரும் ட்செக்கு என்ற பகுதிப்பெயர் என்பதைப் பெரும்பாலானோர் ஏற்கிறார்கள். பித்தோம் என்பது பெர்-ஆத்தும், ஆத்தும் தெய்வத்தின் வீடு. எந்த மண்மேடு (பழைய ஊர் புதைந்த மேடு) பித்தோம் என்பதில் சிக்கல். நவீல் 1883-இல் தெல் எல்-மஸ்கூதாவைத் தோண்டி அதுதான் என்றார். பின்னர் டொரோண்டோ பல்கலைக்கழகத்தின் ஹாலடே குழு அங்கே தோண்டியபோது ஹிக்சோஸ் காலத்துக்குப் பிறகு கி.மு. 7-ஆம் நூற்றாண்டின் கடைசி வரை அங்கே ஊரே இல்லை என்று தெரிந்தது. அதற்கு மேற்கே ஏறத்தாழ 14 கி.மீ. தொலைவில் உள்ள தெல் எல்-ரெதாபேயில் ராமசேஸ் மன்னர்கள் காலக் குடியிருப்பு இருக்கிறது. இப்போது பலரும் பித்தோமை அங்கேயே வைக்கிறார்கள்.

தொலைவையும் சரிபாருங்கள். காந்தீரிலிருந்து ரெதாபேவுக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 30 கி.மீ., மஸ்கூதாவுக்கு ஏறத்தாழ 38 கி.மீ. அனஸ்தாசி ஐந்தாம் பாப்பிரசு என்ற பழைய எகிப்திய ஏட்டில் ஓர் அதிகாரி, ஓடிப்போன இரண்டு அடிமைகளைத் துரத்திப் புறப்படுகிறார். மாலையில் அரண்மனையை விட்டு மறுநாளே ட்செக்குவின் மதிலை அடைகிறார். பிறகு கோட்டை, பிறகு சேத்தியின் மிக்தோலுக்கு வடக்கே தப்பியவர்களைப் பற்றிய செய்தி. ராமசேஸ், சுக்கோத், வனாந்தரத்தின் ஓரமான ஏத்தாம், மிக்தோல் என்ற யாத்திராகம வரிசையோடு இது எவ்வளவு நெருங்குகிறது பாருங்கள். எகிப்தை விட்டு ஓடுபவர்கள் எடுத்த வழி அது என்பதற்கு வேதாகமத்துக்கு வெளியே கிடைக்கும் அருமையான சாட்சி இது. பெலிஸ்தரின் தேசவழியாய்ப் போகவில்லை என்று 13:17 சொல்வதற்கும் காரணம் புரியும். கடலோரச் சாலை முழுதும் எகிப்தியக் கோட்டைகள். கர்நாக் கோவிலில் முதலாம் சேத்தி அவற்றை வரிசையாகச் செதுக்கி வைத்திருக்கிறான். அந்த வரிசையின் தொடக்கக் கோட்டை இப்போது தெல் ஹெபுவாவில் கண்டறியப்பட்டுள்ளது.

கடல் எது? எபிரெயத்தில் யாம் சூப். "சூப்" என்றால் நாணல். குழந்தை மோசேயின் பெட்டியை வைத்த நாணலுக்கும் இதே சொல். கிரேக்க மொழிபெயர்ப்பு அதைச் செங்கடல் என்றது, நமக்கும் "சிவந்த சமுத்திரம்" என்று வந்து சேர்ந்தது. நாணல் உவர் கடலில் வளராது, ஆகவே எல்லைப்புற நன்னீர் ஏரிகளில் ஒன்று என்று சிலர் சொல்வார்கள். அனஸ்தாசி மூன்றாம் ஏடு பி-ராமசேசுக்கு, அதாவது நாம் பார்த்த ராமசேசுக்கு, அருகே "ப-ட்சூபி" என்ற நாணற்பகுதியைச் சொல்வது இதற்கு வலு. ஆனால் 1 இராஜாக்கள் 9:26-இல் அதே யாம் சூப், ஏலோத்துக்கு அருகே உள்ள அக்காபா வளைகுடாவைக் குறிக்கிறது. ஆக ஒரே பெயர் பல நீர்நிலைகளுக்கு வழங்கியது. பெயரைக் கொண்டு மட்டும் கடந்த இடத்தை முடிவு செய்ய முடியாது.

இன்றைய செயற்கைக்கோள் படத்தில் இதைத் தேடுபவர்கள் ஏமாறுவார்கள். 1869-இல் திறந்த சூயஸ் கால்வாய் நிலத்தையே மாற்றிவிட்டது. வடக்கே இருந்த பல்லா ஏரிகள் வற்றிவிட்டன. அதற்குமுன் உப்புப்படுகையாக வறண்டு கிடந்த கசப்பு ஏரிகள் கடல்நீரால் நிரம்பின. பெலூசியக் கிளை இன்று வயல்களுக்கு அடியில். பழைய நீர்நிலைகளை மண்துளைச் சோதனைகளாலும் கால்வாய்க்கு முந்தைய நிலப்படங்களாலும் மீட்ட பிறகுதான் பேச முடியும். என் பார்வையில் பல்லா ஏரிப்பகுதிக்கு வாதம் வலுவாக இருக்கிறது. ஆனால் கடலருகே பாளயமிறங்கிய இடத்துக்கு யாத்திராகமம் 14:2 அடையாளமாகச் சொல்லும் பாகால்செபோனும் மிக்தோலும் சரியாக நிலைநிறுத்தப்படும் வரை அது வலுவான வாதம் மட்டுமே. மிக்தோல் என்றால் கோபுரம். அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட காவல்நிலைகள் இருந்திருக்கலாம் என்பது வேறு தொல்லை.

மறுமுனைக்கு வருவோம். யோர்தானுக்குக் கிழக்கே பெயர்கள் உயிரோடு இருக்கின்றன. எட்வர்ட் ராபின்சனும் ஈலை ஸ்மித்தும் 1838-இல் பயணம் செய்து நிறுவிய முறை இதுதான்: அரபு ஊர்ப்பெயருக்குள் பழைய செமித்தியப் பெயர் ஒளிந்திருக்கும். மாற்றத்துக்கு ஒழுங்கு உண்டு. அரபியில் "ப" ஒலி இல்லை, அது "ஃப" ஆகும். கடைசி "ஓன்" பெரும்பாலும் "ஆன்" ஆகும். பூனோன் ஃபெய்னான் ஆயிற்று. தீபோன் திபான் ஆயிற்று. எஸ்போன் ஹெஸ்பான் ஆயிற்று. ஒழுங்கு தவறாமல் மூன்றும் பொருந்துகின்றன.

ஆனால் மூன்றும் சமம் அல்ல. ஃபெய்னானில் பெயர், அராபா பள்ளத்தாக்கின் ஓரத்தில் இருக்கும் அமைவிடம், பழங்காலச் செம்புச் சுரங்கங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்கின்றன. 4-ஆம் நூற்றாண்டில் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியசும் அந்தச் சுரங்கங்களைப் பற்றி எழுதினார். திபானில் 1868-இல் மோவாப் மன்னன் மேசாவின் கல்வெட்டு கிடைத்தது; அதில் அவன் தன்னைத் தீபோனியன் என்கிறான். அர்னோன் ஆற்றுக்கு வடக்கே சில கிலோமீட்டரில் ஊர் இருப்பதும் வேதாகம விவரத்துக்கு ஒத்துப்போகிறது. ஹெஸ்பானில் பெயர் மிகத் துல்லியம். ஆனால் 1968 முதல் 1976 வரை நடந்த அகழாய்வில் கி.மு. 1200-க்கு முந்தைய நகரம் எதுவும் அகப்படவில்லை. எமோரிய ராஜா சீகோனின் தலைநகர் அங்கே இருந்திருந்தால் அதன் சுவர் எங்கே? பக்கத்து மேடான தெல் ஜலூலில் பழைய ஊர் இருந்து, பெயர் பிறகு நகர்ந்திருக்கலாம் என்று ஒரு விளக்கம் உண்டு. ஊர் இடம்பெயரும்போது பெயரும் கூடப்போவது அந்த நாட்டில் அரிதல்ல. எரிகோவே அப்படி நகர்ந்த ஊர்தான்.

ராபின்சன் முறையின் குறையையும் சொல்ல வேண்டும். அவர் காலத்தில் மண்மேடு என்பது அடுக்கடுக்கான நகரங்களின் எச்சம் என்று யாருக்கும் தெரியாது. மெகிதோவின் மேட்டின்மேலேயே நின்று மெகிதோ எங்கே என்று தேடினார். 1890-இல் தெல் எல்-ஹெசியில் பெத்ரி மண்ணடுக்கையும் பானை வடிவங்களையும் இணைத்துக் காட்டிய பிறகுதான் மேட்டின் வயதைச் சொல்ல வழி பிறந்தது. ராபின்சனிடம் கற்க வேண்டியதும் ஒன்று உண்டு. வழிகாட்டியிடம் "இது ஏலிம்தானே?" என்று அவர் கேட்கவில்லை. விருந்தாளி மனம் நோகாமல் ஆமாம் என்பார்கள் என்று அவருக்குத் தெரியும். "இதன் பெயர் என்ன?" என்று மட்டும் கேட்டார்.

சீனாய் தீபகற்பத்தில் இந்தப் பெயர்முறை பெரும்பாலும் தோற்றுப்போகிறது. தொடர்ந்து குடியிருந்த ஊர்கள் இல்லாததால் பெயரைக் காப்பாற்ற ஆளில்லை. ஜெபல் மூசா, அயூன் மூசா போன்றவை பிற்காலப் பக்தியால் வந்த பெயர்கள். ஆகவே இங்கே தண்ணீரும் தொலைவும்தான் கைகொடுக்கும். 12 நீரூற்றும் 70 பேரீச்சமரமும் இருந்த ஏலிமை வாதி கரந்தேலில் வைப்பது அந்தக் கரையில் அப்படியொரு சோலை கிடைப்பதால்தான். எண்ணாகமம் 33:10-ஐப் பலர் கவனிப்பதில்லை: ஏலிமுக்குப் பிறகு அவர்கள் மறுபடியும் சிவந்த சமுத்திரத்தின் அருகே பாளயமிறங்கினார்கள். சூயஸ் வளைகுடாவின் கரையோரமாகத் தெற்கே போனால் இது இயல்பாகப் பொருந்தும். தீபகற்பத்தை நேராகக் கிழக்கே கடந்ததாகச் சொல்பவர்கள் இந்த வசனத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். எண்ணாகமம் 33:12-இல் வரும் தொப்காவை, நீலக்கல்லின் எகிப்தியப் பெயரோடுள்ள ஒலி ஒற்றுமையால் செராபித் எல்-காதிமின் நீலக்கல் சுரங்கத்தோடு இணைப்பது எனக்குப் பலவீனமாகத் தெரிகிறது.

சீனாய் மலைக்கு ஒரு நல்ல அளவுகோல் உபாகமம் 1:2. ஓரேபிலிருந்து (சீனாய் மலையின் மறுபெயர்) சேயீர் மலைவழியாய்க் காதேஸ்பர்னேயா 11 நாள் பிரயாணம். 2285 மீட்டர் உயர ஜெபல் மூசாவிலிருந்து காதேஸ் பகுதிக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 240 கி.மீ.; அக்காபாவைச் சுற்றிக் கிழக்கு வழியாக அளந்தால் 285 கி.மீ.க்குக் குறையாது. ஒரு நாளைக்கு 26 கி.மீ., வளைவுகளைச் சேர்த்தால் இன்னும் கூடுதல். ஒட்டகக் கூட்டம் போகக்கூடிய வேகம்தான். ஆடுமாடும் குழந்தைகளும் சேர்ந்த கூட்டத்துக்கு முடியாது. வசனம் வழக்கமான பயணத்தூரத்தைச் சொல்கிறது, இஸ்ரவேலர் 11 நாளில் நடந்தார்கள் என்று சொல்லவில்லை. இதே அளவுகோலில், எம்மானுவேல் அனாத்தி முன்வைத்த ஹர் கர்கோம் என்ற நெகேவ் மலை விழுந்துவிடுகிறது: அது காதேசிலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. மட்டுமே. சவூதியின் ஜெபல் அல்-லவ்ஸ் விழாது. அக்காபா முனை வழியாக அதுவும் ஏறத்தாழ 240 கி.மீ. வரும்.

அரேபிய மலைக்கு ஆதரவாகக் கலாத்தியர் 4:25-ஐக் காட்டுவார்கள். பவுல் காலத்தில் அரபிதேசம் என்ற பெயர் சீனாய் தீபகற்பத்தையும் உள்ளடக்கியது, அதனால் அந்த வசனம் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லாது. மோசே மீதியானில் மந்தை மேய்த்தது கனமான வாதம், மீதியான் வளைகுடாவுக்குக் கிழக்கேதான். ஆனால் யாத்திராகமம் 18:27-இல் எத்திரோவும் எண்ணாகமம் 10:30-இல் ஓபாபும் மலையடியிலிருந்து தங்கள் தேசத்துக்குப் போவதாகச் சொல்லப்படுகிறது. மலை மீதியானுக்குள்ளேயே இருந்தால் இந்தப் பேச்சு வராது. ஜெபல் மூசாவுக்கு இருப்பதும் பாரம்பரியம்தான். 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எகேரியா என்ற யாத்திரிகை அங்கே வந்தார், 6-ஆம் நூற்றாண்டில் பேரரசர் யுஸ்தினியான் மடத்தைக் கட்டினார். மோசேயின் காலத்துக்கும் அந்தச் சாட்சிக்கும் இடையே 1500 ஆண்டுகளுக்கும் மேல். கடலடியில் தேர்ச்சக்கரம் கிடைத்ததாகச் சுற்றும் படங்களை விட்டுவிடுங்கள். முறையாக வெளியெடுத்து ஆராய்ந்த பொருள் எதுவும் அதன் பின்னால் இல்லை.

நடுப்பகுதியில் ஓரளவு பிடி கிடைப்பது காதேஸ்பர்னேயாவில்தான். காரணம், எண்ணாகமம் 34:4-உம் யோசுவா 15:3-உம் அதை ஓர் எல்லைக்கோட்டில் வைக்கின்றன: அக்ராபீம் மேடு, சீன், காதேஸ்பர்னேயா, அஸ்மோன், எகிப்தின் நதி. இந்த வரிசை வடகிழக்குச் சீனாயின் ஒரு சிறு வட்டத்துக்குள் நம்மைக் கொண்டுவந்து விடுகிறது. அங்கே ஐன் கதீஸ் என்ற ஊற்று பழைய பெயரை அப்படியே வைத்திருக்கிறது. 1884-இல் டிரம்புல் அதையே காதேஸ் என்று விரிவாக வாதாடினார். ஆனால் ஊற்று சிறியது. 1914-இல் அந்தப் பகுதியை அளந்த வூலியும் டி.இ. லாரன்சும், ஏறத்தாழ 10 கி.மீ. தள்ளியுள்ள ஐன் எல்-குதெய்ராத் ஊற்றைச் சுட்டினார்கள். அந்த வட்டாரத்திலேயே நீர்வளம் மிக்கது அது, பக்கத்தில் ஒரு மேடும் உண்டு. 1956-இல் மோஷே தோத்தானும், 1976 முதல் 1982 வரை ருடால்ஃப் கோஹெனும் அந்த மேட்டைத் தோண்டினார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கோட்டைகள், எல்லாம் யூதாவின் அரசர் காலத்தவை. மோசேயின் காலத்துப் பிற்கால வெண்கல யுகப் பானையோடுகள் இல்லை.

இதைக் கண்டு இரண்டு எதிரெதிர் அவசரங்கள் பிறக்கின்றன. இடமே தவறு என்பது ஒன்று, பயணமே நடக்கவில்லை என்பது மற்றொன்று. கூடாரத்தில் வாழ்ந்து தோல்பையில் நீர் சுமந்தவர்கள் மதிலோ மண்ணடுக்கோ விட்டுச்செல்ல மாட்டார்கள். அதேசமயம், பெருங்கூட்டம் நெடுங்காலம் தங்கிய ஊற்றடியில் ஓடு அகப்படாததை ஒன்றுமில்லை என்று தள்ளவும் முடியாது. நான் காதேசை ஒரு புள்ளியாக வைப்பதில்லை. கதீஸ், குதெய்ராத், குசைமா ஊற்றுகள் அடங்கிய வட்டாரம் முழுவதற்கும் அந்தப் பெயர் வழங்கியது என்று கொண்டால் பெயரும் தண்ணீரும் எல்லைவரிசையும் ஒரே நேரத்தில் பொருந்துகின்றன.

ஓர் மலை இதைத் தொட்டு நிற்கிறது. பெத்ராவுக்கு அருகே ஆரோனின் கல்லறை இருக்கும் ஜெபல் ஹாரூன் பழைய பாரம்பரியம், முதலாம் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபுஸ் காலம் வரை போகும். ஆனால் எண்ணாகமம் 33:37 அதை ஏதோம் தேசத்தின் எல்லையில் வைக்கிறது, காதேசிலிருந்து அடுத்த பாளயம் அதுவே. ஜெபல் ஹாரூன் ஏதோமின் உள்ளே இருக்கிறது. அந்த ஏதோமுக்குள் நுழையத்தான் அவர்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. ஆகவே காதேசுக்கு அருகிலேயே தேடுவதுதான் வசனத்துக்கு நியாயம்.

நீங்களே ஒரு வரைபடம் செய்வதானால் நான்கு குறிகள் வைத்துக்கொள்ளுங்கள். ராமசேஸ், பூனோன், தீபோன் ஆகியவற்றுக்கு முழுப் புள்ளி. சுக்கோத்துக்கும் காதேஸ்பர்னேயாவுக்கும் நிழலிட்ட வட்டம். பித்தோம், எஸ்போன், ஏலிம், சீனாய் மலை ஆகியவற்றுக்குத் தலைமை வேட்பாளரின் இடத்தில் வெற்றுப் புள்ளி, பக்கத்தில் மற்ற வேட்பாளர்களின் பெயர். தொப்கா, ஆலூஸ், ரெவிதீம், எண்ணாகமம் 33:18 முதல் 30 வரை வரும் பெயர்கள் ஆகியவற்றை ஓரத்தில் வரிசையாக எழுதி வையுங்கள், நிலத்தில் இடம் கொடுக்க வேண்டாம். கோட்டை ராமசேசிலிருந்து ஏத்தாம் திசை வரைக்கும், பூனோனிலிருந்து மோவாபின் சமவெளி வரைக்கும் மட்டும் போடுங்கள்.